வெள்ளைப் பூ வந்தது வேறு கேள்விக்கு

சிங்காநல்லூர்,
புதன்கிழமை.

என் மனைவியின் மூத்த உடன்பிறந்தாரும், எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முதல் வார்த்தை சொல்லும் உரிமையுள்ளவருமான சென்னிமலை மச்சான் அவர்களுக்கு, சிங்காநல்லூர் லேத் பட்டறை நாட்ராயன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை நாச்சியம்மாளும் சுகம். அங்கே தங்கள் சுகமும், அக்காவின் முழங்கால் சுகமும், அரிசி ஆலையின் சுகமும், புதிதாகக் கன்று போட்ட செவலை மாட்டின் சுகமும் தெரிந்துகொள்ள ஆசை.

கையில் போனை வைத்துக்கொண்டு இவன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். மச்சான், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். நான் சொல்லும் ரகசியம் ஆலையில் தவிடு அள்ளுகிறவர்கள் வரைக்கும் கேட்கும். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் அதை உங்களுக்குப் படித்துச் சொல்வது உங்கள் மருமகள். உங்கள் மருமகளும் நாச்சியாவும் காலைக் காப்பி ஆறுவதற்குள் ஊர்ச் செய்தி முழுவதும் பேசி முடிக்கிறவர்கள். ஆகவே கூரியரில், உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறேன். படித்ததும் ஆலை பாய்லர் அடுப்பில் போட்டுவிடுங்கள். விஷயம் அப்படிப்பட்டது.

விஷயம் நம் பிள்ளை சண்முகப்பிரியா சம்பந்தப்பட்டது. அவளுக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள், பயப்பட வேண்டாம். துடியலூர் சம்பந்தம் உங்களுக்குத் தெரியும். பையன் சபரீஷ், வெட் கிரைண்டர் செய்கிற குடும்பம், ஒரே மகன், ஜாதகம் பார்த்து நீங்களே தலையாட்டிய இடம். அவர்கள் முறையாகப் பெண் கேட்டு வந்த அன்று நீங்கள் சளிக்காய்ச்சலில் படுத்துவிட்டீர்கள். சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் பையனின் அப்பா ஆரம்பித்தார்.

“ஏனுங், பொண்ணு ஜெனீவால என்ன வேலை பாக்குதுங்க?”

“ஆராய்ச்சிங்க. பூமிக்கடியில வட்டமாச் சொரங்கம் வெட்டி, அதுக்குள்ள துகளுக ரெண்டையும் எதுருக்கெதுரா ஓடவுட்டு மோத வெக்கறாங்க. அதுல புதுசா ஏதாச்சும் வருதான்னு தேடறாங்க.”

“தேடிக் கெடைச்சுதுங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

“எத்தன வருசமாத் தேடுதுங்க?”

“இவ போயி நாலு வருசமாச்சுங்க. அதுக்கு மிந்தியே தேடிட்டுத்தான் இருந்தாங்களாமா.”

“கெடைக்காட்டியும் சம்பளம் போடறாங்களா?”

“மாசமானா போட்டர்றாங்க.”

அவர் மகன் பக்கம் திரும்பினார். “பாத்துக்கடா. கிரைண்டர்ல சத்தம் எங்கிருந்து வருதுன்னு நம்ம சர்வீஸ் ஆளு ரெண்டு நாள் தேடுனதுக்கு அவனை என்ன பேச்சுப் பேசிப்போட்டேன் நானு.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். போகும்போது தங்கள் எண்ணத்தையும் சொல்லிவிட்டார்கள். ஆவணியில் கல்யாணம், பெண் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட வேண்டும், இங்கே ஏதாவது கல்லூரியில் பாடம் எடுக்கலாம், அதற்குத் தடை இல்லை. நாச்சியாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எனக்கும் சம்மதம்தான். ஒரே மகளை எத்தனை நாள்தான் போன் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது? பிரியாவுக்கு அங்கே வேலை ஆடியோடு முடிகிறது, இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். “யோசிச்சுச் சொல்றனுங்” என்று சொல்லியிருந்தாள். இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

கெடுத்தது என் கெரகம். அவர்கள் போன பிறகு எனக்கு ஒரே வெட்கமாகிவிட்டது. பெற்ற மகள் என்ன தேடுகிறாள் என்றே தெரியாமல் நாலு வருடமாக ஊரெல்லாம் “சயிண்டிஸ்ட், சயிண்டிஸ்ட்” என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்ததும், “கண்ணு, நீ தேடறது என்னன்னு எனக்கு வெளங்கறாப்புல சொல்லு” என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே மச்சான்! சின்ன வயதில் பாவாடைக்கு ஜரிகை வைத்துத் தருகிறேன் என்றால் மலருமே, அந்த முகம். அவள் தேடுவதற்குப் பெயர் நீண்ட ஆயுள் துகளாம். எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்றேன். ஒரு வினாடியை நூறு கோடியாகப் பங்கு போட்டு அதில் ஒரு பத்துப் பங்கு இருந்தாலே பெரிய ஆயுளாம். “இதுக்குப் பேரு நீண்ட ஆயுளா? தும்மி முடிக்கறதுக்குள்ள செத்துருமேடி” என்றேன். “மத்ததெல்லாம் பொறந்த எடத்துலயே செத்துருதுங்கப்பா. அதுகளோட பாத்தா இது தாத்தா” என்கிறாள்.

நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தப்பிருந்தால் பிழை என்னுடையது. மோதின இடத்தில் பிறக்கிற புதுத் துகள் அங்கேயே உடைந்து சிதறும் என்று நினைத்து எல்லோரும் அந்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒரு வேளை அது அங்கே உடையாமல், கண்ணுக்கும் படாமல், கருவிக்கும் படாமல், கமுக்கமாகச் சில மீட்டர் தள்ளிப் போய் அதற்கப்புறம் உடைந்தால்? உடைந்த துண்டுகளின் தடம் மட்டும் நடுவழியில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கிளம்பின மாதிரி தெரியுமாம். அப்படிக் கிளம்பின தடம் எங்கேயாவது இருக்கிறதா என்றுதான் நம் பிரியா தேடுகிறாள். எனக்கு உடனே பட்டறை ஞாபகம் வந்தது. சாணைக்கல்லில் சில இரும்பைப் பிடித்தால் பொறி ஓரடி தள்ளிப் போய் அங்கேதானே வெடித்துச் சிதறும்? திங்கட்கிழமை அதைப் படம் பிடித்து அனுப்பினேன். “சூப்பருங்கப்பா, ஆனா உங்க பொறி கல்லுல இருந்தே கண்ணுக்குத் தெரியுது. எங்களது வெடிக்கற வரைக்கும் தெரியாது” என்று பதில் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். முடியவில்லை. தெரியாமல் போகிற பொறி எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஒரு ஷாப்டை அளவுக்கு மேல் கடைந்துவிட்டேன்.

அப்புறம் தினமும் ஒரு சந்தேகம், தினமும் ஒரு கேள்வி. அவர்கள் எழுதின கட்டுரை ஒன்றை அனுப்பினாள். கட்டுரையை விட எழுதினவர்கள் பேர் நீளம். கல்யாணப் பத்திரிகையில் பங்காளிகள் பேரை ஒன்று விடாமல் போடுவோமே, விட்டுப்போனால் பந்தியில் உட்கார மாட்டார்களே, அப்படி. அத்தனை பேரும் சேர்ந்து சொல்லியிருக்கிற முடிவு, தேடினதில் எதுவும் தென்படவில்லை என்பது. இதற்கா இத்தனை பேர் என்று கேட்டேன். இங்கே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அடுத்து வேறு இடத்தில் தேட முடியும், அதுவும் ஒரு கண்டுபிடிப்புத்தான் என்கிறாள். நீங்கள் தோட்டத்தில் தண்ணீருக்கு மூன்று போர்வெல் போட்டு மூன்றிலும் மண்புகையைப் பார்த்துவிட்டுச் சோறு இறங்காமல் கிடந்தீர்களே மச்சான், அப்போதே “இங்கே தண்ணீர் இல்லை” என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தால் நீங்களும் இன்றைக்கு ஒரு விஞ்ஞானி. கோபித்துக்கொள்ளாதீர்கள், நம்மளுக்குள்ள பேசிக்கறதுதான்.

அதற்கப்புறம் வானம். வானத்திலிருந்து எந்நேரமும் ஏதோ துகள் கொட்டிக்கொண்டே இருக்கிறதாம், உள்ளங்கையை விரித்தால் வினாடிக்கு ஒன்றாவது அதன் வழியாக ஊடுருவிப் போகுமாம், அது அவர்கள் கருவியிலும் புகுந்து “நாந்தான் நீ தேடுற ஆளு” என்று ஏமாற்றுமாம். அதை அடையாளம் கண்டு கழிக்கவே பாதி வேலையாம். மொட்டை மாடியில் நாச்சியா வடகம் காயப்போட்ட இடத்துக்குப் பக்கத்தில் நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. எதிர்வீட்டு அப்துல் மஜீத் பாய், “என்னங்க, மழை தூறுதுங்களா?” என்று கேட்டார். “இல்லீங்க பாய், வேற ஒண்ணு” என்றேன். அவரும் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் முக்கியம். பிரியாவின் கணக்கில் ஒரு பகுதியை அவர்களே மூடி வைத்திருக்கிறார்கள். தேடுகிற பொருள் இருந்தால் அந்த மூடின பெட்டிக்குள்தான் இருக்கும். ஆனால் அதைத் திறந்து பார்க்காமலே மற்ற கணக்கையெல்லாம் முடிக்க வேண்டும். எந்தத் தடத்தைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது, எத்தனை வந்தால் இருக்கிறது என்று அர்த்தம், எல்லாவற்றையும் முன்னாலேயே முடிவு செய்து, பெரியவர்கள் ஒத்துக்கொண்ட பிறகுதான் திறப்பார்களாம். திறக்கப் போவது ஐப்பசியில். “ஒரு ஓரமா எட்டிப் பாத்தா என்னாயிரும்?” என்று கேட்டேன். “பாத்துட்டா ஆசை வந்துருமுங்கப்பா. ஆசை வந்தா கணக்கு நம்மளயறியாம வளைஞ்சிரும்” என்றாள். நாலு வருடமாகத் தன் பெட்டியைத் தானே பார்க்காமல் இருக்கிறாள் மச்சான். நம் வீட்டில் பணியாரக் கூடையை மூடி வைத்தால் மூன்று தடவை திறந்து பார்த்த பிள்ளை!

“நம்ம கோயல்ல பூப் பொட்டலம் பிரிக்கற மாதிரியா கண்ணு?” என்றேன். “அதே மாதிரித்தானுங்கப்பா. பிரிக்கறதுக்கு மிந்தியே என்ன கேக்கறோம், எந்தப் பூ வந்தா என்ன அர்த்தம்னு தெளிவா முடிவு பண்ணிக்கோணும்” என்றாள். இதைச் சொன்னது வியாழக்கிழமை. அடுத்த நாள் வெள்ளிக்கிழமைதான் நாங்கள் குலதெய்வம் கோயிலுக்குப் பூக் கேட்கப் போனோம்.

இனிமேல் எழுதுவதற்குக் கை வரமாட்டேன் என்கிறது. துடியலூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். உங்களுக்குத்தான் காய்ச்சல் விடாமல் வர முடியவில்லை. நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நின்றேன், ஏனென்றால் கேட்க வேண்டியவன் நான். பூசாரி வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் கட்டிக் குலுக்கி ஆத்தா காலடியில் போட்டார். “ஒண்ணை எடுத்துப் பிரிப்பேன். வெள்ளை வந்தா உத்தரவு, செவப்பு வந்தா இல்லை. மனசுல ஒண்ணே ஒண்ணை நெனச்சுக்கங்க, வாயத் தொறக்கப்படாது” என்றார். நான் கண்ணை மூடி, துடியலூர், சபரீஷ், ஆவணி என்று மூன்றையும் வரிசையாக நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். சத்தியமாக ஆரம்பித்தேன் மச்சான். தெளிவாகக் கேட்க வேண்டும் என்று பிரியா சொன்னது நினைவு வந்தது. பிரியா நினைவு வந்ததும் பெட்டி நினைவு வந்தது. பெட்டி நினைவு வந்த அதே நேரத்தில் பூசாரி மணியை ஆட்டிவிட்டார், என் மனசு, “ஆத்தா, அது இருக்குதா இல்லையா?” என்று கேட்டுப்போட்டது.

வெள்ளைப் பூ வந்தது.

நாச்சியா குலவை போட்டு அழுதாள். துடியலூர்க்காரர் என்னைக் கட்டிப்பிடித்து, “சம்பந்தி, இனி சாமியே சொல்லிருச்சுங்க” என்றார். எனக்கும் மேலெல்லாம் புல்லரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லோரும் அதைப் பெண்ணைக் கட்டிக் கொடுக்கப் போகிற தகப்பனின் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் நினைத்ததோ, ஆகா, இருக்குது!

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். கல்யாணத்துக்கு உத்தரவு வந்ததாக ஊர் நம்புகிறது. ஆனால் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. நாச்சியாவிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்து, “உப்புக் கொஞ்சம் கம்மி” என்று மட்டும் சொல்லி மூடினேன். சனிக்கிழமை பிரியாவிடம் பட்டும் படாமல், “ஏன் கண்ணு, ஒரு தடவை வெள்ளை வந்தா அது போதுமா?” என்று கேட்டேன். “ரெண்டுல ஒண்ணு எப்படியும் வந்துருமேங்கப்பா. கண்டுபுடிச்சோம்னு நாங்க சொல்லோணும்னா, அந்தக் கணக்குப்படி பாத்தா செவப்பே இல்லாம தொடர்ந்து ஒரு இருபத்திரண்டு தடவை வெள்ளை வரோணும். எதுக்குக் கேக்கறீங்க?” என்றாள். “சும்மாதான்” என்றேன். மறுநாள் தனியாகக் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம், இருபத்திரண்டு தடவை கேட்கலாமா என்று விசாரித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “ஒரு தடவை கேட்டா வரமுங்க. இருவத்திரண்டு தடவை கேட்டா அது சாமிகிட்ட வம்புக்குப் போறதுங்க” என்றார். ஒரு தரம் உத்தரவு கொடுத்த பிறகு மறுபடி கேட்பதே குற்றமாம். ஒரே ஒரு விலக்கு உண்டாம். பெண்ணின் தாய்மாமன் அன்றைக்கு வராமல் இருந்து, “நானில்லாமக் கேட்ட பூ எனக்கு ஒப்பாது” என்று அவரே வாயால் சொன்னால் மறுபடி கேட்கலாமாம்.

ஆக மச்சான், உங்கள் சளிக்காய்ச்சல் ஆத்தா பார்த்துக் கொடுத்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை கல்யாண உறுதி வார்த்தைக்கு எல்லோரும் நம் வீட்டில் கூடுகிறார்கள். நீங்கள் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்து, மீசையைத் தடவிக்கொண்டு, முறைப்பாக அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் சண்டை மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. நாச்சியா உங்களை எதிர்த்துப் பேச மாட்டாள், என்னைத்தான் பேசுவாள். மறுபடி பூக் கேட்போம். இந்தத் தடவை நான் கல்யாணத்தைத் தவிர வேறு எதையும் நினைக்க மாட்டேன், உங்கள் மேல் ஆணை. எனக்குப் பிரியா ஊருக்கு வர வேண்டும். அதில் மாற்றமே கிடையாது. உலகத்தில் தேடுவதற்கு ஆள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கட்டுரையில் பேர் பார்த்தேனே. எனக்கு இருப்பது ஒரு மகள். நீங்களும் அவளிடம் போனில் பேசி, “போதும் அம்மணி, வந்துரு” என்று ஒரு வார்த்தை சொன்னால் மாமன் சொல்லை அவள் தட்ட மாட்டாள்.

அக்காவுக்கு முழங்கால் வலிக்கு நொச்சி ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும். செவலைக்கும் கன்றுக்கும் ஆத்தா துணை. ஆலை ஓயாமல் ஓடட்டும், வீடு நிறைந்திருக்கட்டும், உங்கள் கைராசியும் என் மேல் உள்ள பிரியமும் குறையாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தங்கை புருஷன்,
நாட்ராயன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் பிரியா கூப்பிட்டாள். உறுதி வார்த்தைக்கு நாள் குறியட்டும் என்று காத்திருந்த நாச்சியா நேற்று அவளிடம் பேசி அழுதிருக்கிறாள். “அப்பா, சாமி உத்தரவு வந்துருச்சுன்னு அம்மா சொன்னாங்க. அம்மா இப்படிச் சந்தோசமாப் பேசி நான் கேட்டதே இல்லீங். நான் வந்தர்றேன். நீட்டிப்பு வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்றேன்” என்றாள். நான் நாலு வருடமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை மச்சான் அது. சந்தோஷமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், “அப்ப அந்தப் பெட்டிய யாரு தெறப்பாங்க?” என்று கேட்டுவிட்டேன். “கூட வேலை பாக்கற பொண்ணு ஒருத்தி தெறப்பா. என்ன வந்துதுன்னு எனக்கு மெயில் போடறேன்னு சொல்லியிருக்கறா” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நாலு வருசம் எட்டிப் பாக்காம இருந்தவளுக்கு எவளோ பாத்து மெயில் போடறதா? பொறுக்க முடியலீங்க. பூ எந்தக் கேள்விக்கு வந்ததுன்னு உள்ளதை உள்ளபடி சொல்லிப்போட்டேன். கேட்டுட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சா பாருங்க, நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சுட்டு மெதுவா, “ஐப்பசில தெறந்து பாத்து ஒண்ணுமே இல்லைன்னு வந்துட்டா என்னங்கப்பா பண்றது?” என்று கேட்டாள். “இல்லைன்னாலும் அதை நீதான் பாத்துச் சொல்லோணும் கண்ணு. பாக்காம வந்தீன்னா நான் ஊட்டுக்குள்ள சேத்தமாட்டேன்” என்றேன். இப்போது அழுதது அவள்.

ஆகையால் மேலே எழுதினது எதையும் செய்ய வேண்டாம். அவளுக்குப் போன் போட்டு வரச் சொல்ல வேண்டாம், மறுபடி பூக் கேட்கவும் வேண்டாம். துடியலூர்க்காரர் காலில் விழாத குறையாக நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு வருடம் பொறுத்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் அந்தத் தங்கமான பையனுக்கு வேறு நல்ல இடம் அமையட்டும். நாச்சியாவிடம் சொல்லும் வேலை மட்டும் பாக்கி. அதற்கு நீங்கள் சனிக்கிழமையே வந்துவிடுங்கள், முடிந்தால் இது கிடைத்த அன்றைக்கே. உறுதி வார்த்தைக்கு எந்தப் பட்டுச் சேலையைக் கட்டுவது என்று பீரோவைக் கலைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறாள். நான் பின்வாசல் வழியாகப் பட்டறைக்குக் கிளம்புகிறேன்.